விரிசல் விடாத பாத்தி

"இரம் அக்கா, தூங்கிட்டியா?"

"ஆமா, தூங்கிட்டேன். போ."

"தளத்துல வெடிப்பு வுட்டதுக்கு நான்தான் காரணம்."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். மணி பதினொன்றரை. பக்கத்து அறையில் அத்தா இருந்ததால் கிசுகிசுத்தேன். ஊரப்பாக்கத்தில் வீட்டுக்கு மேல் புதிதாக எழுப்பிய மாடியின் தளம் அது. போட்டு மூன்று வாரம். அதில் மயிரிழை விரிசல்களைச் சாயங்காலம்தான் அத்தா பார்த்தார்.

"சாம்பல் கலந்த சிமென்ட்டப் போட்டு ஏமாத்திட்டான். காலைல குப்புராஜை அனுப்பிட்டு வேற மேஸ்திரி பாக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டார்.

குப்புராஜ் அண்ணன் எதையும் ஒளிக்கவில்லை. நிலக்கரிச் சாம்பல் கலந்தது என்று சிமென்ட் மூட்டையிலேயே எழுதியிருந்தது. தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியபோது என்னிடமும் சொன்னார்: "சாம்பல் போட்டா சூடு கம்மி பாப்பா, வெடிப்பும் கம்மி. ஆனா மெதுவாத்தான் இறுகும். பதினாலு நாளு தண்ணி வத்தக் கூடாது, இன்னா?"

படப்பையில் மாமி வீட்டுத் தளம் சாம்பல் கலக்காத சிமென்ட்; அதற்கு ஏழு நாள்தான் ஊற்றினார்கள். அந்த நினைப்பில், டிரம்மிலிருந்து வாளி வாளியாகச் சுமந்த தோள்வலியில், எட்டாம் நாளே நிறுத்திவிட்டேன். சித்திரை வெயில் ஒரே பகலில் பாத்திகளைக் காயவைத்துவிட்டது.

"அப்போ தப்பு சாம்பலுதா, உன்னுதா?"

"அதான்க்கா எனக்கும் தெரியல."

போன் வெளிச்சத்தில் மேலே ஏறினோம். அக்கா விரிசலில் தண்ணீர் ஊற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து நான் கீழே ஓடி, ஏணியில் ஏறித் தளத்தின் அடிப்பக்கத்தைத் தடவினேன். ஈரமில்லை.

"விரிசல் மேலாகத்தான் போல இருக்குக்கா" என்றேன் திரும்பி மேலே வந்து.

"ரூக்சார், இங்க வா!"

டிரம் இருந்த மூலை. அதன் குழாய் மூன்று வாரமாகச் சொட்டிக்கொண்டே இருந்ததால் அந்த ஒரு பாத்தி வற்றவே இல்லை. தண்ணீரைக் கையால் ஒதுக்கினேன். பக்கத்துப் பாத்தியிலிருந்து ஓடிவந்த விரிசல் வரப்போடு நின்றிருந்தது. இந்தப் பக்கம் ஒரு கோடுகூட இல்லை.

"இங்க மட்டும் வேற சிமென்ட்டா?"

"ஒரே நாள். ஒரே மிக்ஸர். ஒரே சாம்பல்."

"அப்போ கேஸ் முடிஞ்சுது. குற்றவாளி நீதான்."

சிரிப்பு வந்தது. அப்படியே படிப்பக்கம் திரும்பினேன்.

"காலைல சொல்லேன்."

"அண்ணன் ஏழு மணிக்கே வந்துடுவாரு. அத்தா வாசல்லயே வெச்சுக் கத்துவாங்க."

இறங்கிப் போய் அத்தாவின் கதவைத் தட்டினேன்.

"அத்தா, கொஞ்சம் மேல வாங்க. செருப்பு வேணாம், ஈரமா இருக்கு."