யார் வீட்டுத் துடைப்பம்

பிரபாவதி வீட்டில் இருந்தது ஒரே ஒரு துடைப்பம். அதற்கு நடந்த சண்டையைக் கேட்டால் ஏதோ ஒரு ஏக்கர் நஞ்சை நிலத்துக்கு என்று தோன்றும்.

அம்பாசமுத்திரத்துக்காரியான அவளுக்கு அது வாரியல். கோபிச்செட்டிப்பாளையத்தில் பிறந்த கணவன் கோபாலகிருஷ்ணனுக்குச் சீமாறு. இருவருக்கும் கல்பாக்கத்தில் வேலை. அவர்கள் அலுவலகம் போனபின் மகள் ரோகிணியைப் பார்த்துக்கொள்ள, திருக்கழுக்குன்றம் பக்கமிருந்து பஸ் ஏறி வருவாள் சம்பூர்ணம். அவளுக்கு அது தொடப்பம். குண்டானுக்கும் கைலிக்கும் இதே பஞ்சாயத்துதான்.

அம்மா கேட்டால் ரோகிணி பளிச்சென்று வாரியல் என்பாள். என்ன இருந்தாலும் பிள்ளை நம் பேச்சுதான் பேசுகிறது என்று பிரபாவதிக்கு உள்ளூரப் பெருமை. கணவன் முகத்திலும் அதே பெருமை எதற்கு வழிகிறது என்று அவள் யோசிக்கவே இல்லை.

தொண்ணூற்றாறில் ரோகிணியை எல்.கே.ஜி.யில் சேர்க்கும் காலம் வந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படம் காட்டிப் பேர் கேட்பார்கள். போன வருஷம் எதிர்வீட்டு அபிஷேக் வாயே திறக்கவில்லை, இடமும் கிடைக்கவில்லை. இப்போது தினமும் வேனில் செங்கல்பட்டுக்குப் போகிறான், பாதி வழியில் வாந்தி எடுக்கிறான். தன் பிள்ளைக்கும் அந்தக் கதியா என்று பிரபாவதிக்குப் பயம் பிடித்தது.

அந்தப் பயத்தில் வீட்டில் சமாதானம் பிறந்தது. புத்தகத்தில் உள்ளபடி துடைப்பம் என்றே சொல்லிக்கொடுப்பது என்று முடிவானது. ரோகிணியும் கிளிப்பிள்ளை மாதிரி சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் பேர் கேட்ட அன்றைக்கு ஜெஸ்ஸி மிஸ் காட்டிய கிளி, மாம்பழம், குடை எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் வந்தது. அடுத்து துடைப்பம். ரோகிணி படத்தைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"தெரியுமில்ல சாமி, சொல்லுங்க" என்று கெஞ்சினான் கோபாலகிருஷ்ணன்.

"நீங்க சொல்லாதீங்க சார். இது என்னம்மா?"

போச்சு, எல்லாம் போச்சு என்று பிரபாவதி முந்தானையைக் கசக்கினாள்.

"மிஸ், நீங்க எந்த ஊரு?" என்றாள் ரோகிணி.

"எதுக்கும்மா?"

"அம்மாக்கு வாரியல். அப்பாக்கு சீமாறு. சம்பூர்ணத்துக்கு தொடப்பம். புக்குக்கு துடைப்பம். உங்களுக்கு என்னாது?"

பிரபாவதிக்கு மானம் போனது. "மன்னிச்சிருங்க மிஸ், வீட்ல ஆளுக்கொரு பேரு..." என்று இழுத்தாள். ஜெஸ்ஸி மிஸ் அவளைக் கவனிக்கவில்லை. கையிலிருந்த படத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எங்க தஞ்சாவூர் வீட்ல வெளக்கமாறும்போம். இத்தன வருஷத்துல இத என்கிட்ட யாரும் கேட்டதில்ல."

"அப்ப உங்களுக்கு வெளக்கமாறு" என்று முடித்தாள் ரோகிணி.

மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "யூனிஃபார்முக்கு அளவு குடுத்துட்டுப் போங்க" என்றார்.

வீடு வரும் வழியெல்லாம் பிரபாவதிக்கு இதே நினைப்பு. பிள்ளை தன் பக்கம் என்று இத்தனை நாள் இறுமாந்திருந்தாள். அது யார் பக்கமும் இல்லை. அவரவர் பொருளை அவரவரிடம் கொடுப்பதுபோல, அவரவர் சொல்லை அவரவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் போய்ப் பங்கு பிரித்தோமே என்று வெட்கமாக இருந்தது.

வாசலிலேயே சம்பூர்ணம் பிடித்துக்கொண்டாள். "இன்னாமா, சீட்டு கெட்ச்சிச்சா?"

"கெடச்சிட்டு சம்பூர்ணம்!"

"அப்டி போடு!" என்று உள்ளே ஓடி, சர்க்கரை டப்பாவைத் திறந்து ரோகிணி வாயில் ஒரு பிடி போட்டாள். பாதி தரையில் கொட்டியது.

"ஏங்க, எறும்பு வந்திரும். அந்தச் சீமாற எடுங்க" என்றாள் பிரபாவதி.

கல்யாணம் ஆன நாளாய் அவள் வாயில் வராத சொல். கோபாலகிருஷ்ணன் எடுக்கப் போகாமல் அப்படியே நின்றுவிட்டான்.

ரோகிணி மட்டும் சர்க்கரை ஒட்டிய வாயோடு அம்மாவை முறைத்தாள்.

"அது அப்பாவோடது. கேட்டுட்டா எடுத்தே?"