ஏழாவது அடைப்பு

அந்த வீட்டில் தேதி எழுதாத பொருள் ஒன்றைக் காட்டிவிட்டால் பெரிய விஷயம். மாமனார் முப்பத்தோரு வருஷம் கிடங்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாவிக்கொத்தை ஒழுங்காக ஒப்படைத்தவர், கறுப்பு மார்க்கர் பேனாவை மட்டும் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பல்பு மாட்டினால் பல்பின் கழுத்தில் தேதி. துடைப்பம் வாங்கினால் கைப்பிடியில் தேதி. பல் தேய்க்கும் பிரஷ்ஷில்கூட ஆளுக்கொரு தேதி எழுதி, மூன்று மாதம் ஆனதும் யாரையும் கேட்காமல் குப்பையில் போட்டுவிடுவார். இதெல்லாம் போதாதென்று, விளக்கை அணைத்தாயா, குழாயை மூடினாயா என்று நாள் முழுக்க வீட்டைச் சுற்றி வருவார். மாமியாருக்கு அவர் குணம் பழகிப்போய் முப்பது வருஷம் ஆகிறது.

இந்த வீட்டுக்குத்தான் தராசுக்காரன் பெட்டியும் படுக்கையுமாக வந்து சேர்ந்தான். கடைகளில் இருக்கும் எலெக்ட்ரானிக் தராசுகளை ரிப்பேர் பார்ப்பது அவன் தொழில். அதற்கென்று சின்னதாக ஒரு கடையும் வைத்திருந்தான். குடியிருந்த வாடகை வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். "வேற வீடு கிடைக்கிற வரைக்கும் எங்க அப்பா வீட்டுல இருந்துக்கலாங்க" என்றாள் மனைவி. அவனும் தலையாட்டிவிட்டான். வீட்டோடு மாப்பிள்ளை என்ற பட்டத்தை அக்கம்பக்கத்தார் இலவசமாகவே சூட்டிவிட்டார்கள். அதைக்கூட அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டான். அவன் பொறுக்க முடியாமல் போனது கழிப்பறை விஷயத்தில்தான்.

அந்த வீட்டில் ஐந்து பேர், கழிப்பறை ஒன்று. காலையில் யார் எப்போது போவது என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஐந்தரைக்கு மாமனார், பிறகு மாமியார், பிறகு பேங்க் வேலைக்கு ஓடும் மச்சினி, பிறகு மனைவி. தராசுக்காரன் கடைசி. கடைசியில் போகிறவனுக்காவது நிம்மதி உண்டா என்றால், அதுவும் இல்லை. உள்ளே போய் நாலு நிமிஷம் ஆவதற்குள் யாராவது கதவைத் தட்டுவார்கள். மச்சினிக்குச் சீப்பு வேண்டும், மாமியாருக்கு வாளி வேண்டும். மாமனாருக்கு எதுவும் வேண்டாம். "தண்ணியைப் பார்த்து ஊத்துங்க மாப்பிள்ளை" என்று சொல்வதற்காகவே தட்டுவார்.

அவன் வந்து ஐந்து நாள் ஆனதும் கழிப்பறை அடைத்துக்கொண்டது. பிளம்பர் வந்து சரிசெய்துவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் மறுபடியும். அப்புறம் மறுபடியும். மாமனார் காலண்டரை ஒட்டி ஒரு அட்டையை ஆணியில் தொங்கவிட்டு, 'அடைப்பு' என்று தலைப்புப் போட்டு, வரிசையாகத் தேதி குறிக்க ஆரம்பித்தார். ஆறாவது தேதி ஏறிய அன்று எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து அட்டையைப் படித்துக் காட்டினார்.

"இருபது வருஷமா இந்த டாய்லெட் ஒரு தடவைகூட அடைச்சதில்லை. இப்போ மூணு மாசத்துல ஆறு தடவை. நான் யாரையும் குத்தம் சொல்லலை. வீட்டுல புதுசா என்ன மாறியிருக்குன்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? நாலு ஜோடிக் கண்ணும் அவன் பக்கம் திரும்பின. மச்சினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் சாப்பாட்டில் கொஞ்சம் தாராளம்தான், மறுப்பதற்கில்லை. அதற்காக ஒரு மனிதன் சாப்பிடுகிற அளவை இப்படியா கூட்டம் போட்டுப் பேசுவார்கள்? கடைசியில் மாமனார் தீர்ப்பைச் சொன்னார். கொஞ்ச நாளைக்கு மாப்பிள்ளை காலைக்கடனைக் கடையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

அவமானம் என்றால் அதுதான் அவமானம். பத்து நாளாக அவன் விடிந்ததும் விடியாததுமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலு தெரு தாண்டிக் கடைக்கு ஓடினான். அடுத்த கடை டீ மாஸ்டர், "என்னண்ணே, தொழில்ல இவ்வளவு சுறுசுறுப்பு!" என்று பாராட்டினார். அவன் என்ன சொல்வான், பாவம். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. வயிற்றுக்கு லீவு விட முடியுமா? அன்றைக்கும் போய் ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து நுழைந்து, காரியத்தை முடித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

வந்தால் வீடு அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது. கழிப்பறை வாசலில் மச்சினி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். உள்ளே பீங்கானின் விளிம்புவரை தண்ணீர் ஏறி நின்றது. அதோடு விட்டாரா மாமனார்? ஃப்ளஷ் தொட்டியின் பொத்தானை மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்குப் பெரிய மாப்பிள்ளை, அதாவது அவனுடைய சகலை, குடும்பத்தோடு சாப்பிட வருகிறார். ஆறு மணி நேரம் பயணம் செய்து வருகிறவர், வந்ததும் முதலில் எதைத் தேடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். பிளம்பரோ நாளைக்குத்தான் வர முடியும் என்று போனை வைத்துவிட்டார்.

"ஏழு" என்றார் மாமனார், அவனைப் பார்த்ததும்.

"அப்பா, அவர் பத்து நாளா இதுக்குள்ள காலே வைக்கலை. இதுக்கும் அவர்தான் காரணமா?" என்று மனைவி வெடித்தாள்.

"பழைய தேக்கம் இருக்கும்மா" என்றார் மாமனார், கொஞ்சமும் அசராமல்.

அவள் கண் கலங்கிவிட்டது. கணவனை ஓரமாக இழுத்துப்போய், "நமக்கு இந்த வீடு வேண்டாங்க. சின்னதா ஒரு ரூம் கிடைச்சாலும் போயிடலாம்" என்றாள்.

அவனுக்கு நெஞ்சு வலித்தது. தனக்காக இல்லை, பிறந்த வீட்டை விட்டு இவள் இப்படியா கிளம்ப வேண்டும் என்றுதான். "போகலாம். ஆனா இந்தப் பேரோட போக மாட்டேன். இன்னிக்கு ஒரு கை பார்த்துடறேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டான்.

முதல் வேலையாக, "மாமா, பொத்தானை விடுங்க!" என்று ஒரு அதட்டல் போட்டான். அந்த வீட்டில் அவன் குரல் அவ்வளவு உயர்ந்தது அதுதான் முதல் தடவை. மாமனார் கையை எடுத்துவிட்டார். அவன் குனிந்து, தொட்டிக்குத் தண்ணீர் போகும் குழாயின் திருகை இறுக்கி மூடினான். இன்னும் ஒரு அமுக்கு அமுக்கியிருந்தால் கூடம்வரை வெள்ளம் வந்திருக்கும். அதற்குள் மாமியார் ஆசிட் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அத்தை, அது வேண்டாம். அடைப்பும் போகாது, குழாயும் கெட்டுப்போகும். அப்புறம் உள்ளே கை விடறவங்க கை வெந்துபோகும்."

"அப்போ என்னதான் செய்யறது?"

"பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணி கொஞ்சம் கொண்டு வாங்க. ஒரு வாளி வெந்நீர் வைங்க. கொதிக்க வேண்டாம், கை பொறுக்கிற சூடு போதும். கொதிக்கிற தண்ணி பட்டா பீங்கான் விரிசல் விட்டுடும்."

விளிம்புவரை நின்ற தண்ணீரை ஒரு மக்கால் பாதி மொண்டு வேறு வாளியில் எடுத்தான். சோப்பை ஊற்றினான். வெந்நீரை மெதுவாகச் சேர்த்துவிட்டு இருபது நிமிஷம் கதவைச் சாத்திவைத்தான். அந்த இருபது நிமிஷமும் மச்சினி ஒருத்திதான் பேசினாள். மீதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கட்டையில் மாட்டிய ரப்பர் கிண்ணத்தை எடுத்தான். அதன் கட்டையிலும் தேதி எழுதியிருந்தது. கிண்ணம் ஓட்டையை முழுசாக மூடவில்லை என்று கண்டு, அதன் விளிம்பைச் சுற்றி ஒரு பழந்துணியைக் கட்டினான். காற்று போக ஒரு இடுக்குகூட இருக்கக்கூடாது. முதல் அமுக்கு மெதுவாக. அவசரப்பட்டால் முகத்தில்தான் தெறிக்கும். அப்புறம் அமுக்குவதும் இழுப்பதுமாக விடாமல் அடித்தான். இருபது, முப்பது, நாற்பது. வேர்வை காதோரம் வழிந்தது. ஐம்பதை நெருங்கும்போது அடியிலிருந்து களகளவென்று ஒரு சத்தம் வந்தது. தேங்கி நின்ற தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கி ஓடியது.

"போயிடுச்சு! போயிடுச்சு!" என்று மாமியார் குழந்தைபோலக் கைதட்டினார்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு கையைக் கழுவிக்கொண்டு காபி கேட்டிருப்பான். தராசுக்காரன் நகரவில்லை. எடை தப்பாகக் காட்டும் கடைக்குப் போனால் அவன் சரக்கைப் பார்க்க மாட்டான், தராசைத்தான் பார்ப்பான். மூன்று மாதமாக இந்த வீட்டில் எல்லோரும் சரக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

ஒரு வாளி தண்ணீரை இடுப்பு உயரத்திலிருந்து ஒரே வீச்சில் ஊற்றினான். சடாரென்று உள்ளே போனது. "குழாய்ல ஒரு கோளாறும் இல்லை, பார்த்துக்கங்க" என்றான். திருகைத் திறந்து, தொட்டி நிரம்பும்வரை பொறுத்திருந்து, பொத்தானை அமுக்கினான். தண்ணீர் சோம்பேறித்தனமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுவிட்டது. அவனுக்கு அப்போதே பாதி விளங்கிவிட்டது. தொட்டியின் பீங்கான் மூடியை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தான்.

உள்ளே இரண்டு பெரிய பாட்டில்கள் மணல் நிரம்பி நின்றன. பாதித் தொட்டியை அவையே அடைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் தரையில் வைத்தான். இரண்டிலும் கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்து. மச்சினிதான் குனிந்து உரக்கப் படித்தாள்.

"தண்ணீர் சேமிப்பு. வைத்த நாள் மூன்றாம் மாதம் பதினைந்து. காரணம்: ஆள் கூடுதல்."

தராசுக்காரனும் மனைவியும் அந்த வீட்டுக்கு வந்தது பதினாலாம் தேதி. அட்டையில் முதல் அடைப்பு பத்தொன்பதாம் தேதி. சாட்சி, தேதி, கையெழுத்து எல்லாம் தரையில் நின்றன. மாமனார் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பா, இது உங்க எழுத்துதானே?" என்றாள் மச்சினி, விடாக்கொண்டியாக.

தராசுக்காரனின் மனசு குதியாட்டம் போட்டது. பத்து நாள் ஓட்டத்துக்கும் சேர்த்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம். கேட்க வாயைத் திறந்தும்விட்டான். அதற்குள் மச்சினி என்ன நினைத்தாளோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அத்தான், முகம் துடைக்கிற ஈரத்தாளை நானும் சில நாள் உள்ளேதான் போட்டேன்" என்றாள். "சீப்புல வர்ற முடியை நான் போட்டிருக்கேன்" என்றார் மாமியார். "பஞ்சு" என்று மனைவி ஒரே சொல்லில் முடித்துக்கொண்டாள். மூன்று மாதமாக அவனை முறைத்தவர்கள் வரிசையில் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்வதைப் பார்த்ததும் அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டான்.

"இனிமே ஒரு மூடி போட்ட குப்பைக்கூடை இங்கேயே இருக்கும். அதுக்குப் போக வேண்டியது அதுல போகட்டும். தொட்டியில தண்ணி மட்டும் இருக்கட்டும்" என்றான்.

மாமனார் கூடத்துக்குப் போய் அட்டை எதிரே நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்து, ஏழாவது தேதியை எழுதினார். ஏழு தேதிகளுக்கும் எதிரே, பொறுப்பு என்று தலைப்புப் போட்டு, ஏழு தடவை தன் கையெழுத்தைப் போட்டார். அந்த மனிதரிடம் ஆயிரம் குறை இருக்கலாம், பதிவேட்டில் பொய் எழுதுகிற பழக்கம் மட்டும் கிடையாது.

பதினோரு மணிக்குச் சகலை வந்தார். நல்ல ஆகிருதி. வாசலில் செருப்பைக் கழற்றியவர், வணக்கம் சொல்லக்கூட நிற்காமல் நேரே கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமியார் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே தொட்டி திறந்துகொண்ட சத்தம் கேட்டது. என்ன சத்தம்! தண்ணீர் ஹோவென்று இறங்கி அடித்துக்கொண்டு போனது. சகலை மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தார்.

"என்ன மாமா, புது தொட்டி மாத்திட்டீங்களா? ஒரே அமுக்குல சுத்தமாயிடுச்சே! யாரு பார்த்தாங்க?"

மாமனார் தராசுக்காரன் தோளில் கை வைத்தார். "எங்க வீட்டு மாப்பிள்ளை பார்த்தார்" என்றார்.

மனைவி அடுக்களை வாசலில் நின்று அதைக் கேட்டாள். வீடு மாறுகிற பேச்சை அன்று முழுக்க அவள் எடுக்கவில்லை. மத்தியானம் அவன் இலை நிறையச் சாப்பிட்டான். யாரும் அளவு பார்க்கவில்லை.

அன்று இரவே சகலை குடும்பம் ஊருக்குக் கிளம்பிவிட்டது. மறுநாள் காலை ஐந்தரைக்குத் தராசுக்காரனின் அறைக்கதவு தட்டப்பட்டது. வழக்கம்போலக் கடைக்கு ஓடுவதற்காகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவன் திறந்து பார்த்தான். தோளில் துண்டோடு மாமனார் நின்றார்.

"மாப்பிள்ளை, முதல்ல நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

"ஐயோ, நீங்க போங்க மாமா."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. நீங்க போங்க."

அவன் போனான். உள்ளே மூலையில் புதிய குப்பைக்கூடை இருந்தது, தேதியோடு. ஃப்ளஷ் தொட்டியின் மூடியிலும் கறுப்பு மார்க்கரில் புதிதாக ஒரு வரி இருந்தது. பழுது நீக்கிய நாள், அதற்குக் கீழே, நீக்கியவர்: மாப்பிள்ளை. அவன் அதை இரண்டு தடவை படித்தான்.

அப்புறம் அவன் ராஜா மாதிரி உட்கார்ந்தான். நாலு நிமிஷம் ஆனது, எட்டு நிமிஷம் ஆனது, பன்னிரண்டும் ஆனது. வெளியே நாலு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவர்கூடக் கதவைத் தட்டவில்லை.