ரோபோ முடிந்ததும் அப்பாவை எழுப்பவும்

குளிர்சாதனப் பெட்டியின் கதவில், கோயில் கலண்டருக்குக் கீழே, ஒரு தாள் ஒட்டியிருந்தது. நிரோஷினியின் கையெழுத்து.

நாய்க்குட்டிகள்: பால் குடிக்கவும்.
ரோபோ முடிந்ததும் அப்பாவை எழுப்பவும்.
மந்திரக்காரப் பெட்டை: அம்மா கோல் எடுப்பா.
மீன்கள் முடிந்தால் அம்மா வருவா. அதுவரை கதவுச் சங்கிலியைக் கழற்றக் கூடாது.

தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கப் பஞ்சிப்படும் பிள்ளைகளுக்காக ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு படம் கீறியிருந்தாள். ரோபோ தபால் பெட்டி மாதிரி இருந்தது.

அது சனிக்கிழமைக்கான தாள். மற்ற நாள்களில் பள்ளிக்கூடம் இருந்தது. ஞாயிறில் நிரோஷினி வீட்டில் நின்றாள். சனிக்கிழமை காலையில்தான் ஒருவரும் இல்லை. கீதன் இருந்தான், ஆனால் நித்திரையில். அவனுக்குக் குளிரறைக் களஞ்சியத்தில் இரவு வேலை. காலை ஆறேகாலுக்கு அவன் லிஃப்ற்றை விட்டு வெளியே வர, அவள் அதே லிஃப்ற்றுக்குள் ஏறுவாள்.

"ஊசி மறக்காதேங்கோ."

"ஓம் ஓம், நீர் வேலைக்கு ஓடும்."

கதவு மூடிவிடும். சனிக்கிழமைகளில் அவர்கள் குடும்பம் நடத்தியது அந்த இரண்டு வசனத்துக்குள்தான்.

ஊசி என்றது இன்சுலின். போன மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊசியைப் போட்டுவிட்டு இரண்டு வாய் பாணோடு படுத்தவன் எழும்பவில்லை. உடம்பில் சீனி இறங்கி, தலையணை வியர்வையில் ஊறிப்போயிருந்தது. பெயரைக் கேட்டால் வேறு யாருடைய பெயரையோ சொன்னான். அம்புலன்ஸ் வந்து காப்பாற்றியது. ஒன்பது மணிக்கு ஒருமுறை கட்டாயம் எழும்பிச் சாப்பிட வேண்டும் என்று டொக்டர் கண்டித்துச் சொன்னார். அலாரம் வைத்துப் பார்த்தார்கள். இரவு வேலைக்காரனின் கை நித்திரையிலேயே நீண்டு அலாரத்தை அமத்திவிடும். பிள்ளையை அப்படி அமத்த முடியாது. ஒன்பது வயது அட்சயா கட்டிலில் ஏறி நின்று குதித்தால் செத்தவனும் எழும்புவான்.

வீட்டில் மணிக்கூடு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. விளையாட்டில் இருக்கிற பிள்ளை மணிக்கூட்டை எதற்கு நிமிர்ந்து பார்க்கும்? கார்ட்டூன் அப்படியல்ல. முடிகிறபோது பாட்டுப் போகும், பெயர்கள் ஓடும், பிள்ளை தானாகத் தலையை நிமிர்த்தும். அதனால்தான் நிரோஷினி பல்கனிக் கம்பியில் உடுப்புக் காயப்போடும் வயரால் அந்தெனாவைக் கட்டி, ஏரிக்கு அந்தப்பக்கம் அடுத்த நாட்டு நகரமான பஃபலோவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். பதினாலாம் மாடி. படம் பளிங்கு மாதிரி விழுந்தது. ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே சனல், வரிசையாகக் கார்ட்டூன்: நாய்க்குட்டிகள், ஒன்பது மணிக்கு முடிகிற ரோபோ, பிறகு மந்திரக்காரப் பெட்டை, கடைசியில் மீன்கள்.

மில்லிக்கனில் அவள் வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலையில் ஒன்பதரைக்குப் பதினைந்து நிமிட இடைவேளை. சாப்பாட்டு அறையில் ஒரு பழைய டிவி இருந்தது. அவள் நேராகப் போய் அதே சனலைப் போடுவாள். தேத்தண்ணீர்க் கோப்பையோடு மந்திரக்காரப் பெட்டையைப் பார்த்தபடி வீட்டுக்குப் போனில் கோல் எடுப்பாள். அங்கே அவர்கள் சோபாவில், இங்கே அவள் பிளாஸ்ரிக் கதிரையில். ஒரே படம். பக்கத்தில் இருக்கிற மாதிரித்தான்.

"உனக்கு என்ன வயசெடி?" என்று பேபி அக்கா பகிடி பண்ணுவா. அஜக்ஸிலிருந்து காரில் வருகிறவ, பதினைந்து வருடமாக அதே லைனில் நிற்கிறவ. "பெரிய பொம்பிளை, கண்ணை வெட்டாமல் கார்ட்டூன் பாக்கிறாள்."

இரண்டாயிரத்துப் பதினான்கு, ஒக்டோபர் முதல் சனிக்கிழமை. நிரோஷினி டிவியைப் போட்டாள். மந்திரக்காரப் பெட்டை இல்லை. வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவன் சட்டியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். முட்டை ஒட்டாமல் வழுக்கியது. கூட்டம் கைதட்டியது.

சனல் மாறிவிட்டதோ என்று பார்த்தாள். அதே இலக்கம்தான்.

"பேபி அக்கா, கார்ட்டூனுக்கு என்ன நடந்தது?"

"நிப்பாட்டிப் போட்டாங்களாம். போன கிழமையோட சரியாம், என்ர பேரன் சொன்னவன். இப்ப ஆரடி உதுகளைப் பாக்கினம்?"

நிரோஷினிக்குக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய தாள் ஞாபகம் வந்தது. ரோபோ வராவிட்டால் ரோபோ முடியாது. ரோபோ முடியாவிட்டால்? கோல் எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே அட்சயா எடுத்தாள்.

"ஹலோ அம்மா."

"பிள்ளை, என்ன செய்யிறீங்கள்?"

"ரீவி பாக்கிறம் அம்மா."

"என்ன போகுது?"

"மந்திரக்காரப் பெட்டை," என்றாள் அட்சயா, மூச்சு வாங்காமல். "இப்ப அவ பறக்கிறா."

திரையில் முட்டை இரண்டாவது தரமும் வழுக்கியது.

நிரோஷினி குரலை மெதுவாக்கினாள். "அப்பா சாப்பிட்டவரோ?"

"ஓம், சாப்பிட்டவர்."

அதே குரல். பறக்கிறா என்று சொன்ன அதே குரல். ஒரு பொய்க்குப் பின்னால் வருவது உண்மையா பொய்யா என்று தாயால்கூடப் பிரித்தெடுக்க முடியாத குரல்.

"அப்பாட்டைக் குடு."

"அம்மா, ஐ ஹாவ் டு கோ, மிதுனன் பாலை ஊத்திப்போட்டான்." டொக். திரும்ப எடுத்தாள், ஒருவரும் எடுக்கவில்லை. கீதனின் போன் வழக்கம்போல் அணைந்திருந்தது.

லைனுக்குப் பொறுப்பாக நிற்கிற றொய்சன் கதவடியில் வந்து கையைத் தட்டினான். "அக்காமார், ரைம் முடிஞ்சுது!"

"தம்பி, நான் வீட்ட போகவேணும்."

"என்னக்கா, ஆருக்கும் சுகமில்லையோ?"

என்ன சொல்வாள்? கார்ட்டூன் நின்றுவிட்டது என்றா? "தெரியாது தம்பி. தெரியாதபடியால்தான் போறன்."

"இண்டைக்கு ரெண்டு பேர் ஏற்கனவே வரேல்ல. நீங்களும் போனால் மேல என்னைத்தான் கேப்பினம். அடுத்த சனி கூப்பிடுவினமோ எண்டு நான் சொல்லேலாது."

"கூப்பிடாட்டில் விடட்டும்."

பேபி அக்கா அவளுடைய கோட்டை எடுத்து நீட்டினா. "போ பிள்ளை. உன்ர பெட்டியளையும் நான் அடுக்கிறன்."

மக்கோவன் றோட்டில் பஸ் வர ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடமும் அவள் நிற்கவில்லை, தரிப்பிடத்தின் கண்ணாடிக்கு முன்னால் மூன்றடி அங்கும் மூன்றடி இங்கும் நடந்தாள். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கீதனின் வியர்வையில் ஊறிய தலையணைதான் தெரிந்தது. ஒரு கிழவர் இறங்குவதற்குப் படியில் ஒவ்வொரு காலாக வைத்தார். அவரைத் தூக்கி இறக்கிவிடலாமா என்று யோசித்தாள். அம்புலன்ஸுக்கு, 911க்கு அடிக்கலாம். அடித்தால், வீட்டில் பெரியவர் யார் என்று கேட்பார்கள். நித்திரையில் என்றால், பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பார்கள். டிவி என்றா சொல்வது? சொன்னால் அரசாங்கம் பிள்ளைகளைக் கொண்டுபோய்விடும். இரண்டு முறை இலக்கத்தை அழுத்தி இரண்டு முறையும் அழித்தாள். மூன்றாம் முறை, கதவு திறந்ததும் முதல் வேலை இதுதான் என்று போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

லிஃப்ற் ஆறாம் மாடியில் நின்றது, ஒன்பதிலும் நின்றது. பதினாலில் இறங்கி ஓடித் திறப்பைப் போட்டாள். கதவு நாலு விரல் அகலம் திறந்து, டக்கென்று நின்றது. சங்கிலி.

இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. ஆறு வயது மிதுனன்.

"ஹூ இஸ் இற்?"

"அம்மாடா. சங்கிலியைக் கழட்டு."

கண் அவளை மேலும் கீழும் பார்த்தது. தொழிற்சாலை வலைத்தொப்பியை அவள் கழற்ற மறந்திருந்தாள். "அம்மா மீன் முடியத்தான் வருவா."

"மிதுனன்! நான்தான் அம்மா. அப்பா எங்க?"

"சொல்ல மாட்டன்."

"என்னடா சொல்ல மாட்டாய்?"

"அப்பா படுத்திருக்கிறார் எண்டு ஆருக்கும் சொல்லக்கூடாது எண்டு அம்மா சொன்னவ."

பார்த்தீர்களா, அவள் சொல்லிக்கொடுத்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படித்திருந்தது அந்தப் பிள்ளை. அவள் கதவில் நெற்றியை வைத்தாள். "கீதன்! கீதன்!" என்று கூப்பிட்டாள். கல்யாணம் கட்டிப் பன்னிரண்டு வருடத்தில் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

உள்ளே கதிரை இழுபட்டது.

"ஆரது?" வாய் நிறையச் சாப்பாட்டோடு வந்த குரல். "நிரோவோ? என்னப்பா, வேலையால அனுப்பிப்போட்டாங்களோ?"

சங்கிலி கழன்றது. கீதன் இடுப்பில் சாரத்தோடு நின்றான், கையில் புட்டும் சம்பலும். அவள் கோட்டோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. வலைத்தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"ஒன்பது மணிக்குச் சாப்பிட்டனீங்களோ?"

"ஓமப்பா. உவள் வந்து கட்டிலில குதிச்சாள், ரெண்டு பாண் சாப்பிட்டுப் படுத்தனான். இது பசிச்சு எழும்பினது, ரெண்டாம் தரம்."

அட்சயா அறை வாசலில் நின்றாள். கையில் தொடுதிரை ரப்லெட். ஜூன் மாதம் கீதனின் தமையன் கொடுத்தது. டிவியைப் பார்த்தாள் நிரோஷினி. கறுப்புத் திரையில் தூசி படிந்திருந்தது. டிவியின் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ரப்லெட் சார்ஜரைச் செருகியிருந்தார்கள். பல்கனியில் அந்தெனா சரிந்து கிடந்தது. வீட்டில் நின்ற நாள்களில் சமையலும் கழுவலுமாக ஓடியவள் இந்தப் பக்கம் ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எப்பயிருந்து?"

"சமர் லீவில இருந்து," என்றாள் அட்சயா மெதுவாக. "ரீவில ஆரும் பாக்கிறேல்ல அம்மா. இதில அலாரம் வைச்சிருக்கிறன். ஒன்பது மணிக்கு அப்பா. ஒன்பதரைக்கு நீங்கள்."

"நானோ? எனக்கு என்ன அலாரம்?"

"நீங்கள் என்ன போகுது எண்டு கேப்பீங்கள். பிரிஜ்ஜில இருக்கிறதைப் பாத்துச் சொல்லுவன். சொன்னால் நீங்கள் ஹாப்பி ஆகிடுவீங்கள்."

"உங்களுக்குத் தெரியுமோ?" என்று கீதனைக் கேட்டாள்.

அவன் புட்டைப் பார்த்தான். "உமக்கு அது ஒரு பிடிப்பாய் இருந்தது. ஏன் கெடுப்பான் எண்டு..."

நாலு மாதமாக நிரோஷினி பிளாஸ்ரிக் கதிரையில் தனியாக இருந்து ஒரு பெட்டை பறப்பதைப் பார்த்திருக்கிறாள். எழும்பிப்போய்க் குளிர்சாதனப் பெட்டியிலிருந்த தாளைக் கிழித்தாள். கிழித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், அதைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்கும் பல்கனிக்குமாக நடந்தாள்.

"நான் கத்தினாலும் பரவாயில்லை," என்றாள் கடைசியில். "எனக்குப் பொய் சொல்லாதை பிள்ளை. அப்பாவின்ர விசயத்தில பொய் சொல்லாதை."

"அப்பாவில நான் சொல்லேல்ல அம்மா. கார்ட்டூனிலதான்."

அடுத்த சனிக்கிழமையும் றொய்சன் கூப்பிட்டான். ஒன்பதரைக்கு நிரோஷினி டிவியைப் போடவில்லை. சுவரைப் பார்த்த கதிரையில் இருந்து கோல் எடுத்தாள்.

"என்ன போகுது?"

"ஒண்டும் போகேல்ல அம்மா. அப்பா இருக்கிறார், இன்னும் சாப்பிடுறார்."

"போனை அவரின்ர வாய்க்குக் கிட்டப் பிடி."

சிறிது நேரம் சரசரப்பு. பிறகு நெருப்பில் வாட்டிய பாண் கருக்முருக்கென்று நொறுங்குகிற சத்தம். ஒரு கடி. மெல்லுதல். விழுங்கி, "போதுமோ மனுசி?" என்று கீதன் கேட்டான்.

"இன்னொரு கடி," என்றாள் நிரோஷினி, மணிக்கூட்டைப் பார்த்தபடி.

"என்னடி கேக்கிறாய் அவ்வளவு கவனமாய்?" என்றா பேபி அக்கா.

அவள் விரலை உதட்டில் வைத்தாள்.