இழை அறுந்த வெள்ளிக்கிழமை

காதில் பஞ்சு அடைக்கச் சொன்னதும் சௌந்தரபாண்டியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாப்பது வருசம் மில்லுல இதத்தான் அடைச்சுக்கிட்டுக் கெடந்தேன். ரிட்டையர் ஆன பொறவும் விடமாட்டிய போலிருக்கே," என்றார்.

ராஜபாளையம் ஸ்கேன் சென்டரில் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பரிபூரணம் சிரிக்கவில்லை. காலையிலிருந்து ஒன்பது பேரைப் படுக்கவைத்தாயிற்று, ஒன்பது பேரும் ஏதாவது ஒரு வேடிக்கை சொல்லிவிட்டுத்தான் படுத்தார்கள். "சத்தம் பெருசா இருக்கும்யா. அசையக் கூடாது. எச்சில்கூட முழுங்காதீங்க. கழுத்துப் படம் இல்லியா, முழுங்குனா கலங்கிப்போயிரும்," என்று சொல்லி, அவருடைய வெள்ளி அரைஞாணைக் கழற்ற வைத்து மனைவி பாண்டிசெல்வியிடம் கொடுத்தாள்.

பாண்டிசெல்வி அதை முந்தானையில் முடிந்துகொண்டு, கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால், சவரம் பண்ணிக்கொண்டிருந்த மனுஷன் கையிலிருந்து ரேசர் நழுவி விழுந்தது. வலது கை துவண்டது, வாய் கோணியது. பக்கவாதம் என்றார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் ஒரு வாரத்தில் கை திரும்பிவிட்டது. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரைப் பார்க்கும் டாக்டர் வேதா அதோடு விடவில்லை, நேற்றுக் கூப்பிட்டுப் பேசினார்.

"மூளைக்கு ரத்தம் கழுத்து வழியாத்தாம்மா போகுது. இவருக்கு இடது பக்கக் குழாயில கொழுப்பு படிஞ்சு பாதிக்கு மேல அடைச்சிருக்கு. அது இறுகிப்போய்க் கிடந்தா மாத்திரையில ஓட்டிரலாம். உள்ள ரத்தம் கசிஞ்சு இளகி இருந்துச்சுன்னா, துணுக்கு துணுக்காப் பிஞ்சு மூளைக்குப் போகும். அப்போ மதுரைக்கு அனுப்பிக் கழுத்துல ஆபரேஷன் பண்ணணும். எதுன்னு தெரியத்தான் இந்த ஸ்கேன். அது சரி, வீட்டுக்கு வந்தப்புறம் திரும்ப ஏதாவது வந்துச்சா? கை மரத்துச்சா? பேச்சு குழறுச்சா?"

"ஒண்ணுமில்ல டாக்டர். நல்லா இருக்காவ," என்று பாண்டிசெல்வி அடித்துச் சொன்னாள். கழுத்தில் கத்தி வைப்பார்கள் என்ற பயம் அவளுக்கு. மாத்திரையோடு போய்விட்டால் அய்யனார் கோவிலில் பொங்கல் வைப்பதாக அப்போதே நேர்ந்துகொண்டாள்.

மெஷின் ஓட ஆரம்பித்தது. முதலில் தட்டல், பிறகு ஒரு நீண்ட உறுமல், அதற்குள்ளேயே சீராக ஒரு படபடப்பு. கதவை மீறி வந்த அந்தச் சத்தத்தில் பாண்டிசெல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஸ்பின்னிங் ஹாலேதான். அறுபத்துமூன்று வயசு உடம்புக்குள் இருபது வயசுக்காரி ஒருத்தி எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

அப்போது அவள் வன்னியம்பட்டியிலிருந்து டவுன் பஸ் பிடித்து ராஜபாளையத்துக்கு வருவாள். முதல் சங்கு ஊதும்போது மில் கேட்டில் நிற்க வேண்டும். அவளுக்குக் கூம்பில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் வேலை, அவருக்குப் பக்கத்து ஹாலில் நூல் நூற்கும் ஃப்ரேமில். நடுவே ஒரு கண்ணாடிச் சன்னல். உள்ளே யார் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. அதனால் மில் ஆட்களுக்கென்று ஒரு கைப்பேச்சு இருந்தது. கட்டைவிரலைக் கவிழ்த்தால் டீ. மணிக்கட்டைத் தட்டினால் வேலை முடியும் சங்கு எப்போது. மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறான், வாயை மூடு. இரண்டு கை விரல்களாலும் இல்லாத ஒரு நூலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் இழை அறுந்துவிட்டது. அதற்கு மறுமொழியாகக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துத் திருகினால், ஒட்டிக்கொள்.

அவர் ஃப்ரேமில் அறுந்துபோகாத இழையெல்லாம் அவளைப் பார்த்ததும் அறுந்தது. சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று நூலை இழுத்து இழுத்துக் காட்டுவார். அவளும் சலிக்காமல் விரலைத் திருகிக் காட்டுவாள். ஒரு வருஷம் இப்படியே ஓடி, கடைசியில் அவர் ஒரு சொல்லும் பேசாமலே பெண் கேட்டு வந்து நின்றார். அந்த ஒரு வருஷம் போல் இனிப்பான காலம் பிறகு அவளுக்கு வாய்க்கவே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள், பேச ஆரம்பித்த பிறகுதான் சண்டையும் வந்தது.

இப்போது ஸ்கேன் அறைச் சன்னலுக்கு அந்தப் பக்கம், மெஷினுக்குள் அவர் தலையும் தோளும் மறைந்திருந்தன. வயிற்றின் மேல் வைத்த கைகள் மட்டும் தெரிந்தன. ஒரு கை மெல்ல எழுந்து மற்றதன் மணிக்கட்டைத் தட்டியது.

பாண்டிசெல்வி பொங்கிச் சிரித்துவிட்டாள்.

"ஐயா, கைய ஆட்டாதீங்க," என்று பரிபூரணம் மைக்கில் அதட்டினாள். பிறகு திரும்பி, "நீங்க எதுக்கும்மா சிரிக்கிய?" என்றாள்.

"சங்கு எப்ப ஊதும்னு கேக்காவ, தாயி. மில்லுல நாங்க அப்பிடித்தான் பேசிக்கிடுவோம்." கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பாண்டிசெல்வி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இன்னமும் அந்தக் கொணம் போகல பாரு. போன வெள்ளிக்கிழமை காலையில, பல் தேச்சிட்டு அடுப்படிக்கு வந்தாவ. வாயே தொறக்கல. வாயத் தொட்டுக் காட்டி, நூல இழுத்து அறுத்துக் காட்டுதாவ. இழை அறுந்துபோச்சாம். ஒருவாட்டி இல்ல, மூணு வாட்டி. நானும் விடல, ஒட்டிக்கோன்னு வெரலத் திருகிட்டேன். எம்புட்டு வருசமாச்சு அப்பிடிச் சிரிச்சு."

பரிபூரணத்தின் கை மவுஸில் அப்படியே நின்றது. "வாயே தொறக்கலையா? எம்புட்டு நேரம்?"

"இருக்கும், ஒரு கால் மணி நேரம். தோசை ஏழெட்டு வெந்து எடுக்கிற வரைக்கும். பொறவு சட்னியில உப்பு இல்லன்னு நல்லாத்தான் பேசுனாவ."

"அம்மா," என்றாள் பரிபூரணம் மெதுவாக. "அவிய வெளையாடுனாவளா, பேச வரலையா?"

வெள்ளிக்கிழமை காலை மறுபடி பாண்டிசெல்வியின் கண்முன் வந்தது. இந்தத் தடவை அவருடைய கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் சிரிப்பே இல்லை. மில்லில் அவர் நூலை இழுத்துக் காட்டிவிட்டுக் கண்ணைச் சிமிட்டுவார். அன்றைக்குக் கண் சிமிட்டவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் விரலைத் திருகிக் காட்டிவிட்டுத் தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

"பாவி," என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். மெஷின் சத்தம் அவளுக்கு இப்போது காதைக் குடைந்தது.

சாயங்காலம் படத்தை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் அவர் சன்னலோரம் உட்கார்ந்து, மூடிப்போன மில்களையும் ஓடுகிற மில்களையும் அவளுக்குக் காட்டிக்கொண்டே வந்தார். அவள் எதையும் பார்க்கவில்லை.

டாக்டர் வேதா படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு நெடுநேரம் பார்த்தார். கருப்புக் குழாயின் ஓரத்தில் ஓரிடம் வெளுப்பாகத் தெரிந்தது. "இது ரத்தக் கசிவாத்தான் இருக்கணும். ஆனா நடுவுல ஆடிட்டார் போலிருக்கு, கலங்கலா விழுந்திருக்கு. இத மட்டும் வச்சு என்னால உறுதியாச் சொல்ல முடியல," என்றார். பிறகு அதே கேள்வியை மறுபடி கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. திரும்ப ஏதாவது வந்துச்சா?"

மேஜைக்குக் கீழே சௌந்தரபாண்டியனின் கை அசைந்தது. பாண்டிசெல்வி பார்த்தாள். காற்றில், இல்லாத ஒரு மீசையை விரல்கள் முறுக்கின. வாயை மூடு.

அப்படியானால் அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் மறைத்திருக்கிறார். அந்த ஒரு காலையை மட்டும் அவள் தன்னோடு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். நாற்பது வருஷத்துக்குப் பிறகு திரும்பி வந்ததாக நினைத்த காலை அது. அதை எடுத்து டாக்டர் மேஜையில் வைத்தால், அது வியாதி என்று பெயர் எழுதப்பட்டு ஃபைலுக்குள் போய்விடும். பின்னாலேயே கத்தியும் வரும்.

"வந்துச்சு டாக்டர்," என்றாள். "போன வெள்ளிக்கிழமை. கால் மணி நேரம் பேச்சு நின்னுபோச்சு. அவிய எங்கிட்டச் சொன்னாவ. எனக்குத்தான் வெளங்கல."

"அப்போ துணுக்கு பிஞ்சு மூளைக்குப் போக ஆரம்பிச்சிருச்சு," என்றார் டாக்டர். போனை எடுத்து மதுரைக்குப் பேசினார். ஆம்புலன்ஸ் வருகிற வரையில் இங்கேயே இருங்கள், வீட்டுக்குப் போக வேண்டாம் என்றார்.

வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்டாள் கோபுரத்தில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"பேச்சு வந்த பொறவாச்சும் சொல்லியிருக்கலாம்லா?"

அவர் அவள் பக்கம் திரும்பினார். "சொல்லத்தான் வந்தேன், ஏட்டி. நீ கரண்டியக் கையில வச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டிருந்த. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால சிரிச்ச மாதிரியே இருந்துச்சு. கெடுக்க மனசு வரல. சட்னியில உப்பு இல்லன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முந்தானை முடிச்சிலிருந்த அரைஞாண் கன்னத்தில் குத்தியது. அவர் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மதுரையில் இரண்டாம் நாள் ஆபரேஷன் ஆனது. குழாயிலிருந்து வழித்தெடுத்ததை அங்கிருந்த டாக்டர் அவளிடம் காட்டினார். ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருந்தது, நடுவில் கருஞ்சிவப்பாக உறைந்த ரத்தம். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். பேச்செல்லாம் சரியாக இருக்குமா என்று கேட்டாள். கண் விழித்ததும் தெரியும் என்றார்.

சௌந்தரபாண்டியன் கண் விழித்தபோது கழுத்தின் இடது பக்கம் பெரிய கட்டு. ராஜபாளையத்து நூலில் நெய்த பேண்டேஜாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். அவர் அவளைத் தேடிப் பார்த்தார். வலது கை போர்வையை விட்டு வெளியே வந்து மெல்ல உயர்ந்தது. கட்டைவிரல் கவிழப் போனது.

பாண்டிசெல்வி அந்தக் கையைப் பிடித்துக் கட்டிலோடு அமுக்கினாள். மற்றக் கையையும் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"கையெல்லாம் வேண்டாம். வாயத் தொறந்து சொல்லுங்க."

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"டீ," என்றார்.