மடுத்தீனின் பெண் பாம்புகள்

விளம்பரத்தில் ஐந்து படங்கள் இருந்தன. ஐந்தும் ஒரே பாம்பு. இடப்பக்கம் இருந்து ஒன்று, வலப்பக்கம் இருந்து ஒன்று, விளக்கைப் போட்டு ஒன்று, அணைத்து ஒன்று. ஐந்தாவதில் பாம்பைவிட விற்பவரின் தங்கச் சங்கிலிதான் கூடத் தெரிந்தது. கீழே, 'முழுவளர்ச்சி பெற்ற ஆரோக்கியமான பெண் மலைப்பாம்புகள் ஐந்து, முட்டையிடத் தயார்' என்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதி, இரண்டு மொழியிலும் பிழை விட்டிருந்தார்.

ஷிரோமிக்கு அதிலேயே வெறுத்துவிட்டது. ஆனாலும் போனாள். புறநகரான பொண்டியில் அவளுடைய வீட்டில் மூன்று வயது ஆண் ஒன்று இருந்தது. பந்து மலைப்பாம்பு. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சின்ன இனம். பிரெஞ்சுக்காரர் அதற்கு ராஜ பட்டம் கொடுத்திருக்கிறார்கள். அவளுடையது பாதி வெள்ளையும் பாதி மண்ணிறமுமாகப் பிறந்த அபூர்வம். அந்த நிறத்தை ஒரு வம்சமாக்கிப் பார்க்கவேண்டும் என்பது அவளது எண்ணம். குட்டிப் பெண்ணை வாங்கினால் அது வளர்ந்து முட்டையிட மூன்று நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். அவளுக்கு வளர்ந்த பெண்கள் வேண்டும். இரண்டு போதும், ஆனால் நோயில்லாமல் இருக்கவேண்டும்.

மிருக வைத்தியசாலை ஒன்றில் பதினோரு வருடமாக உதவியாளராக இருப்பவள். பாம்பு வளர்க்கிறாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இங்கேயுள்ள மன்னார்ச் சனம் முழுவதும் அவளைக் கண்டால் ஏவாள் பகிடி விடும். எல்லோருக்கும் அந்த ஒரே பகிடிதான் தெரியும். எல்லோரும் அதைத் தாங்களே கண்டுபிடித்ததாக நினைத்துச் சிரிப்பார்கள். ஷிரோமி சிரிப்பதில்லை. ஆட்களைப் பார்த்ததும் தனக்குள் ஒரு மதிப்புப் போட்டுவிடுவாள். அது பெரும்பாலும் குறைந்த மதிப்பாகவே இருக்கும்.

சனிக்கிழமை காலை மஜெந்தா நிலையத்தில் ரயிலால் இறங்கி, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலுக்கு நடந்தாள். மரக்கறிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவர் மடுத்தீன். கீழே தெருவில் தொலைபேசிக் கடை வைத்திருப்பவர், ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவர். திறந்ததும் அவளுக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தார்.

"அவர் வரேல்லையோ?"

"எவர்?"

"உம்மட மனிசன். பாம்பு பாக்க வாறது அவரெண்டெல்லோ நினைச்சன்."

"பாம்பு எனக்குத்தான் அண்ணை. மனிசன் இல்லை."

"அப்பிடியோ," என்று அவர் இரக்கப்படுபவர்போல் தலையாட்டினார். அந்த இரக்கத்துக்காகவே அவருடைய விலையில் நூறு யூரோவைக் குறைத்துக் கேட்பதென்று ஷிரோமி அங்கேயே முடிவு செய்தாள்.

உள்ளே கூடத்தில் பிளாஸ்டிக் பூக்களும், தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்த ஒரு நாடகமும், அதற்கு முன்னால் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த மடுத்தீனின் மனைவி ஞானமலரும் இருந்தார்கள். அவள் நிமிர்ந்து பார்த்து "வாரும்" என்றாள். ஷிரோமி அவளுக்கும் ஒரு மதிப்புப் போட்டுவிட்டு, பாம்பறைக்குள் போனாள்.

கதவைத் திறந்ததும் மூத்திர நெடி மூக்கில் அடித்தது. சுவரோரம் பிளாஸ்டிக் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார். மடுத்தீன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காட்சிச்சாலை நடத்துபவர்போல் நின்றார்.

"எல்லாம் நல்ல திறம் சாமான். ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குப் போகேக்கை ஏழாய் எடுத்தனான். ரெண்டு செத்துப்போச்சு. மிச்சம் அஞ்சும் ரெண்டு கிலோவுக்கு மேலை."

"நிறுத்துப் பாத்தனீங்களோ?"

"தூக்கினாத் தெரியாதே!"

ஷிரோமி தன் பையிலிருந்து சின்னத் தராசை எடுத்து வைத்தாள். முதலாவது பாம்பு ஆயிரத்து நூற்றெண்பது கிராம். முதுகெலும்பு கூரை முகடுபோல நின்றது. இரண்டாவதன் தண்ணீர்க் கிண்ணத்தில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. வெள்ளைக் கடதாசியால் அதன் தாடையடியைத் துடைத்து அவருக்கு நீட்டினாள்.

"உண்ணி."

"அது மண் பிள்ளை."

"மண் நடக்குமோ அண்ணை?"

கடதாசியில் மண் நடந்துகொண்டுதான் இருந்தது. மடுத்தீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்றாவதைத் தூக்கிக் காதோடு பிடித்தபோது, ஈரப் பலகை வெடிப்பதுபோல மூச்சு டிக் டிக் என்றது; மூக்குத் துவாரத்தில் ஒரு குமிழி வந்து உடைந்தது. நெஞ்சுச் சளி. நான்காவதன் வாய் புண். ஷிரோமி ஒவ்வொன்றையும் பெட்டிக்குள் திரும்ப வைக்கும்போது அவரைப் பார்க்கவே இல்லை. பாம்புகள் மேல் அவளுக்குக் கோபம் இல்லை.

"இதுதான் ராணி," என்று ஐந்தாவதை அவரே எடுத்துக் கொடுத்தார். "இதைத்தான் என்ர ஆணோடை ரெண்டு குளிருக்கும் விட்டனான். இந்த முறை முட்டை நிச்சயம். வயிறைப் பாரும்."

ஷிரோமி வயிற்றைப் பார்க்கவில்லை, வாலடியைப் பார்த்தாள். பிறகு மழுங்கிய முனையுள்ள மெல்லிய கம்பியை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, வாலடித் துவாரத்துக்குள் மெதுவாக விட்டாள். பெண் என்றால் மூன்று நான்கு செதில் அளவுக்கு மேல் கம்பி போகாது. இது பத்தாவது செதில்வரை போனது.

"அண்ணை, இது கடுவன்."

"என்ன?"

"ஆண். நீங்கள் ரெண்டு வருசமா ஆணோடை ஆணை விட்டிட்டு முட்டைக்குப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறியள்."

மடுத்தீனின் முகம் கறுத்தது. பெண் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட படிப்பெல்லாம் கூடாது என்றும், அவளுடைய தகப்பனைத் தனக்கு மன்னாரிலேயே தெரியும் என்றும், அவர் தங்கமான மனிசன் என்றும் சொன்னார். அப்போது கீழே கடையிலிருந்து தொலைபேசி வந்தது. "வாங்கிறதெண்டாச் சொல்லும். எனக்கு வேலை கிடக்கு," என்று காதில் வைத்தபடியே இறங்கிப் போனார்.

ஷிரோமி கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினாள். கூடத்தைத் தாண்டும்போது ஞானமலர் கேட்டாள்.

"அந்த அறையிலை கிடக்கிறதை மட்டும் பாத்திட்டோ போறீர்?"

"வேறை எங்கை பாக்கிறது அக்கா?"

ஞானமலர் கடைசிச் சட்டையையும் மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். நடையின் கடைசியில் இஸ்திரி போடும் அறை. மகள் லியோன் நகருக்குப் போகுமுன் அதில்தான் படுத்தவள். இஸ்திரி மேசைக்குப் பின்னால் இரண்டு கண்ணாடித் தொட்டிகள். நெடி இல்லை. ஒன்றில் வெப்பமானியின் சிவப்பு எண்கள் தெரிந்தன. ஞானமலர் மூடியைத் தள்ளி, அடியில் கைகொடுத்து, குழந்தையைத் தொட்டிலில் இருந்து எடுப்பதுபோல ஒன்றைத் தூக்கினாள்.

செத்துப்போன இரண்டு.

"எறியச் சொன்னவர். உயிர் கிடந்தது. நான் எறியேல்லை. எட்டு மாசமாச்சு."

"அவருக்குத் தெரியாதோ?"

"அவர் இந்த அறைக்குள்ளை வரமாட்டார். இஸ்திரிப்பெட்டி இருக்கிற அறையெல்லோ. வந்தா வேலை சொல்லிப்போடுவனெண்டு பயம்."

ஷிரோமி தராசை வைத்தாள். ஆயிரத்துத் தொளாயிரம். மற்றது இரண்டாயிரத்து அறுபது. கண் தெளிவு, வாய் சுத்தம், மூச்சில் சத்தமில்லை. குறை கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் முயன்றாள். கம்பியும் நான்காவது செதிலில் நின்றது. ஞானமலர் ஒரு அப்பியாசக் கொப்பியை நீட்டினாள். எலி தின்ற நாள், தின்ன மறுத்த நாள், தோல் கழற்றிய நாள், எல்லாம் உருண்டைத் தமிழ் எழுத்தில் இருந்தன. வைத்தியசாலையில் படித்த பிள்ளைகள்கூட இப்படி எழுதுவதில்லை. ஷிரோமிக்கு அது சந்தோசமாக இருந்திருக்கவேண்டும், எரிச்சலாக இருந்தது.

"ரெண்டையும் தாங்கோ அக்கா. கேட்ட விலை தாறன்."

"என்னத்துக்கு?"

தன் ஆணைப்பற்றியும் நிறத்தைப்பற்றியும் ஷிரோமி சொன்னாள். முதல் தலைமுறை எல்லாம் சாதாரண நிறத்தில்தான் பொரிக்கும், அதில் சில பெண்களை வைத்துத் திரும்பத் தகப்பனோடு விட்டால்தான் வெள்ளை வரும் என்று விளக்கினாள்.

"அப்ப மிச்சக் குஞ்சுகள்?"

"வாங்கிறவைக்குக் குடுக்கவேண்டியதுதான்."

"இவர் மாதிரி ஆக்களுக்கு."

ஷிரோமி தராசை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"உந்தப் பெரியது போன வருசம்தான் ஏழு முட்டை போட்டது. இவர் சூடு சரியா வைக்காமல் ஏழும் அழுகிச்சுது. இந்தக் குளிருக்கு அதை ஆணோடை விடக்கூடாது. மற்றதையும் விடாமல் இருந்தா நல்லம். சம்மதமோ?"

"எடை காணும் அக்கா. ரெண்டு கிலோ. என்ர ஆணும் தயாரா நிக்கிது."

"உம்மட அவசரத்துக்குப் பேர் தராசு," என்றாள் ஞானமலர். "அவருக்குத் தராசு இல்லை. வேறை என்ன வித்தியாசம்?" பாம்பை உள்ளே விட்டு மூடியைச் சரியாகப் பொருத்தினாள்.

ஷிரோமி படியால் இறங்கினாள். நாடகம் பார்க்கிற ஒரு மனுசி தனக்குப் பாடம் எடுப்பதா என்று மஜெந்தா வரை கொதித்தாள். பொண்டிக்கு வந்து ஆணின் பெட்டியைத் துப்புரவாக்கும்போதும் கொதிப்பு அடங்கவில்லை. அடுத்த இரண்டு கிழமையில் வேறு மூன்று விளம்பரங்களைத் தேடிப் போனாள். மூன்று இடத்திலும் ஒவ்வொரு மடுத்தீன் இருந்தார், இரண்டு பேர் வெள்ளைக்கார மடுத்தீன்கள். அவர்களுக்குப் பின்னால் இஸ்திரி அறை எதுவும் இல்லை.

மூன்றாம் சனிக்கிழமை மத்தியானம் அழைப்புமணி அடித்தது. வாசலில், மன்னார்ச் சனத்திடம் விலாசம் விசாரித்து வந்த ஞானமலர், சந்தைக்குப் போகும் தள்ளுவண்டியோடு நின்றாள். வண்டியின் மேலே ஒரு கட்டு லீக்ஸ் நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி அப்பால் வைத்தாள். கீழே, வாய் கட்டிய இரண்டு தலையணை உறைகள்.

"ரயிலிலையோ கொண்டந்தனீங்கள்!"

"பின்னை? பக்கத்திலை இருந்தவ லீக்ஸ் என்ன விலையெண்டு கேட்டவ."

மடுத்தீன் ஒருநாள் சட்டை தேடி இஸ்திரி அறைக்குள் போயிருக்கிறார். செத்தவை உயிரோடு இருப்பதைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை, படம் எடுத்தார். கொப்பியையும் படம் எடுத்து, 'எனது எட்டு மாதப் பராமரிப்பு' என்று விளம்பரம் போட்டுவிட்டார். திங்கட்கிழமை ஸ்தேன் என்ற ஊரில் இருந்து ஒருவன் எடுக்க வருவதாக இருந்தது.

"பாம்பின்ர பப்பியே, பத்திரம் எல்லாம் என்ர பேரிலை," என்றாள் ஞானமலர். "ஒண்டிலையும் தன்ர பேர் வரக்கூடாதெண்டு எல்லாத்தையும் என்ர பேரிலைதான் எழுதுவார். கெட்டிக்காரன்."

கைமாற்றுக் காகிதத்தை மேசையில் விரித்துக் கையெழுத்து வைத்தாள். விலையில் ஒரு சதம் குறைக்கவில்லை. ஷிரோமியும் கேட்கவில்லை. கடைசியில் ஞானமலர் ஒரு வரி சேர்த்து எழுதச் சொன்னாள்: வருகிற குளிருக்கு ஆணோடு விடுவதில்லை. ஷிரோமி அதை எழுதினாள். எழுதும்போது தன் மேலேயே அவளுக்கு ஒரு வெறுப்பு வந்தது, ஏனென்றால் அந்த வரி சரி என்று முதல் நாளே அவளுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து ஞானமலர் ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் பொண்டிக்கு வந்தாள். வந்தால் கதிரையில் இருக்கமாட்டாள். தொட்டியின் ஈரப்பதம் குறைவு என்பாள், எலி பெரிது என்பாள். ஒருமுறை அந்த அபூர்வ ஆணை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "ஆரோ பெயின்ற் ஊத்தின மாதிரிக் கிடக்கு," என்றாள். அடுத்த இரண்டு நாள் அவள் தொலைபேசியில் அழைத்தபோது ஷிரோமி எடுக்கவில்லை.

முதல் குளிர் அப்படியே போனது. அடுத்த குளிரில் ஆணை விட்டார்கள். வசந்தத்தில் பெரியது எட்டு முட்டை இட்டு அவற்றைச் சுற்றிச் சுருண்டது. கோடை தொடங்கும்போது ஆறு பொரித்தன. லா ஷப்பல் தேவாலய வாசலில் மடுத்தீன், 'எங்கட பெட்டையின்ர குஞ்சுகள்' என்று ஆட்களுக்குச் சொல்லித் திரிவதாக ஷிரோமியின் காதில் விழுந்தது. ஞானமலரிடம் சொன்னாள்.

"சொல்லட்டும். பொரிச்சது தானெண்டு சொல்லாத மட்டும் நல்லது."

சின்னப் பெண் பாம்பு முட்டையிடவில்லை. இலையுதிர் காலம் வந்தபோது எடை நன்றாக இருந்தும் ஷிரோமி அதை ஆணோடு விடாமல் தனியே வைத்திருந்தாள். யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை ஞானமலர் வந்து, தனித் தொட்டியைப் பார்த்தாள், ஷிரோமியைப் பார்த்தாள். முதன்முறையாகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து, "தேத்தண்ணி கிடக்கோ?" என்று கேட்டாள்.