ஒரு காசு நின்ற நாள்

ஒரு காசை அடிக்க மூன்று காசு செலவாகிறது என்று மேலிடம் கண்டுபிடிக்கப் பதினான்கு வருஷம் பிடித்தது. கண்டுபிடித்த பிறகு நாணயச்சாலைக்கு ஒன்பதே நாள் அவகாசம் கொடுத்தார்கள். ஒரு காசுப் பிரிவில் இருந்த பதினொரு பேரில் பத்துப் பேர் வீட்டுக்கு. ஒருவருக்கு மட்டும் ஐந்து காசுப் பிரிவில் இடம்.

அது மூத்தவருக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தே அச்சில் கீறல் விழுந்ததைச் சொல்லிவிடுவார். அவருக்கு அடுத்த கெட்டிக்காரன் அவருடைய சகலை. அக்காவை அவரும் தங்கையை இவனும் கட்டியிருந்தார்கள். இவனை வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவரே. ஆனால் இவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள், இன்னொன்று வயிற்றில். அந்த இடம் இவனுக்கு வேண்டும்.

மூத்தவருக்குக் காது அறவே கேட்காது. வேலையிடத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. நிமிடத்துக்கு அறுநூறு காசு விழும் இரைச்சலில் அங்கே எல்லோருமே எதிராளியின் உதட்டைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அவரும் அப்படியே பேசினார், சிரித்தார், வம்பளந்தார். அக்கா தங்கையிடம் அழுதுகொண்டே சொன்னது தலையணை வழியாக இவனிடம் வந்து சேர்ந்தது. ஐந்து காசுப் பிரிவில் அபாய மணி உண்டு. மணி காதில் விழாத ஆளை உள்ளே விடமாட்டார்கள். போட்டுக் கொடுத்தால் குடும்பத்தில் ஒருவர் முகத்திலும் முழிக்க முடியாது. போட்டுக் கொடுக்காமலே காரியத்தை முடிக்க ஒன்பது நாளும் யோசித்தான்.

கடைசிக் காசு விழுந்ததும் மேலாளர் சுவிட்சை அணைத்தார். கூடத்தில் அப்படியொரு அமைதியை யாரும் பார்த்ததில்லை. எண்ணெய் போடுபவர் தும்மியது இடிபோல் கேட்டது.

"ஐந்து காசுக்கு யாருன்னு பேசி முடிச்சாச்சா?" என்றார் மேலாளர்.

மூத்தவர் முதுகைக் காட்டியபடி இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவன் அவருக்கு மூன்றடி பின்னால் போய் நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"அண்ணே, என்னை இங்க சேத்துவிட்டதே நீங்கதான். நான் போட்டிக்கு வரல. இந்த இடம் உங்களுக்குத்தான். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

எண்ணெய் போடுபவருக்குக் கண் கலங்கியது. மூத்தவர் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களைத்தான்."

"என்னய்யா இவ்வளவு ராங்கி?" என்று யாரோ முணுமுணுத்தார்.

"ராங்கி இல்லப்பா," என்றார் எண்ணெய் போடுபவர், மெதுவாக. "மனுஷனுக்குக் கேக்கல."

மேலாளர் மூத்தவரின் பிடரிக்குப் பின்னால் போய்ப் பலமாக இரண்டு தரம் கைதட்டினார். ஒருவன் சிரித்துவிட்டான். துணியைப் பிழிவதற்காகத் திரும்பிய மூத்தவர், எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, என்ன வேடிக்கை என்று தெரியாமலே தானும் சிரித்துவைத்தார்.

"எத்தனை வருஷமாய்யா இப்படி?"

மேலாளரின் உதட்டைப் படித்ததும் சிரிப்பு நின்றது. "ஒன்பது வருஷம் சார்."

மேலாளர் தாளில் இவன் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

"என்ன சொன்னே, சகல?" என்று கேட்டார் மூத்தவர். இவன் அவருக்கு நேராக நின்று, ஒரு வார்த்தை மாற்றாமல் திரும்பச் சொன்னான்.

"முன்னால வந்து சொல்லியிருக்கலாமே."

"எல்லாருக்கும் கேக்கணும்னு நெனச்சேண்ணே."

சாயங்காலம் அவர் வீட்டுக்கு இவனும் கூடவே போனான். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நடந்ததைச் சொல்லி முடித்தான். மனைவியின் அக்கா இவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தேநீர் போட்டுக் கொடுத்தாள். பிறகு கணவரின் தாடையைப் பற்றித் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லுக்கும் வாயை அகலத் திறந்து சொன்னாள்.

"அவன் தூக்கிக் குடுத்தான். நீ திரும்பிக்கூடப் பாக்கல."

புரியாமல் போயிருக்குமோ என்று இன்னொரு தரமும் சொன்னாள். இவன் இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டான்.