மான் கடித்த வயர்

குணேஸ்வரி ஸ்டூலில் ஏறி நின்று ஒரு கையால் கேற்றுத் தூணையும் மறு கையால் கமராவையும் பிடித்திருந்தாள். கைபேசி காதுக்கும் தோளுக்கும் நடுவில் நசுங்கியது. உள்ளே விறாந்தையில் அவளுடைய அப்பா இராசதுரை சவப்பெட்டிக்குள் கிடந்தார்.

"மின்சாரம் வாற முனையைக் கழட்டிப் பாத்தியா?" கனடாவிலிருந்து அண்ணன் ஆனந்தராசா கேட்டான்.

"கழட்டிறன் அண்ணா."

"மெதுவா. அப்பா மாதிரி இழுத்துப் பிய்ச்சுப்போடாதை."

அப்பா மாதிரி என்றதும் அவள் முனையை இன்னும் மெதுவாக அசைத்தாள். தொலைபேசி அட்டையின் நிமிடங்கள் மட்டும் ஓடின.

இராசதுரை முந்தாநாள் மத்தியானம் சோறு தின்றுவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. மாரடைப்பு. துப்பாக்கிச் சூடும் கடத்தலுமாயிருந்த 2007ஆம் ஆண்டில் திருகோணமலையில் ஒருவர் தன் வீட்டுக் கதிரையில் தன்பாட்டில் இறந்துபோவது ஓர் ஒழுங்கீனம் போலிருந்தது. மரண விசாரணைக்கு வந்தவர் இரண்டு தடவை கேட்டார்: "வேறை ஒண்டும் இல்லையோ?" இல்லை என்றதும் சற்று ஏமாந்தவர்போலக் கையெழுத்து வைத்தார்.

கமராவை இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன்தான் அனுப்பியிருந்தான். வீட்டில் அப்பாவும் தங்கையும் மட்டும், காலமும் சரியில்லை. தூணில் கமரா, அலுமாரிக்குள் பதிவுப் பெட்டி, அப்பாவின் கதிரைக்கு எதிரே சின்னத் திரை. பூட்டிய அன்று ஒரு மணித்தியாலம் வேலைசெய்தது. பிறகு செய்யவில்லை. துறைமுகத்து மின்பகுதியில் முப்பத்தொரு வருடம் இருந்து, இறங்குதுறை விளக்குகளைப் புயலிலும் அணையவிடாத மனிதருக்கு உள்ளங்கையளவு கமரா ஒன்று பிடிபடவில்லை என்பதில் தெருவுக்கே ஒரு சந்தோஷம்.

ஒவ்வொரு ஞாயிறும் கனடாவுக்கு ஒரு புதுக் காரணம் போகும். உப்புக் காற்று. எறும்பு. ஒருமுறை, "மான் வயரைக் கடிச்சிட்டுது தம்பி." மான்கள் தெருவில் ஆடுகளைப்போலத் திரியும் ஊர் என்பதால் அண்ணனால் மறுக்க முடியவில்லை. "பெட்டியை நிப்பாட்டி, முப்பது செக்கன் பொறுத்துப் போடுங்கோ" என்பான். "ஓம், போட்டிட்டன்" என்பார் அப்பா, கதிரையை விட்டு எழும்பாமலே. வயது போய்விட்டது என்று குணேஸ்வரி நினைத்துக்கொள்வாள்.

முனை கழன்று வந்தது. உள்ளிருந்த ஊசியைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. மின்சாரம் போக வழியும் இல்லை. அவள் அதை உரித்துவிட்டு முனையைச் செருகினாள். கமராவின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"எரியுது அண்ணா!"

"பாத்தியா? ரெண்டு வருசம்! இனி ஒண்டும் தொடாதை. சனம் வாறது, பெட்டி போறது எல்லாம் பதியட்டும். சிடியில போட்டு அனுப்பு." அவன் குரல் இறங்கியது. "நான் அதையாவது பாக்கவேணும்."

"ஓம்."

உரித்த டேப் விரலை விட்டுப் போக மறுத்தது. ஸ்டூலின் காலில் தேய்த்து ஒட்டிவிட்டு இறங்கினாள்.

பதினொரு மணியாயிற்று. வீட்டில் ஐயர், பறையடிக்க வந்த இருவர், அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி தம்பிராசா, அவள். முற்றத்தில் வாடகைக் கதிரைகள், கட்சிக்காரர் வராத கட்சிக் கூட்டம்போல, வரிசை குலையாமல் இருந்தன.

"ஒருத்தரையும் காணேல்லையே சித்தப்பா."

"வருவினம் பிள்ளை."

"மூண்டு மணிக்கு எடுக்கவேணும். நாலுக்கு ஆமிக்காரர் சென்றியில பாதையைப் பூட்டினால் மயானத்துக்குப் போக ஏலாது."

"பெட்டி தூக்க ஆறு பேர் எண்டாலே காணும்."

"இப்ப எத்தினை பேர்?"

தம்பிராசா குனிந்து தன்னைத்தானே பார்த்தார். போன மாதம்தான் அவருக்குக் குடலிறக்கம் வெட்டியிருந்தது. "ஐயரைத் தூக்கச் சொல்லவும் ஏலாது" என்றார்.

பின்னேரங்களில் இதே விறாந்தையில் ஏழெட்டுப் பேர் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவார்கள். கள்ளக் கடுதாசி பிடித்துச் சண்டைபோட்டு, மூன்று தரம் தேத்தண்ணி கேட்டு அவளைக் கரைச்சல்படுத்திவிட்டுப் போவார்கள். அவர்களில் ஒருவர்கூடவா வரமாட்டார்? குணேஸ்வரி அப்பாவின் கதிரையில் இருந்து திரையைப் பார்த்தாள்.

இராசமலர் ரீச்சர் வெள்ளைச் சேலையில் கேற்றடிக்கு வந்தார். நிமிர்ந்து பார்த்தார். குடை முகத்துக்குமேல் இறங்கியது. அப்படியே நேரே நடந்துபோனார். அடுத்து துறைமுகத்து ஆட்கள் இருவர், கையில் மாலையோடு. நிமிர்ந்தார்கள், மாலையோடு தேத்தண்ணிக் கடைக்குள் போனார்கள். பிறகு அப்பாவோடு ஒரே ஏணியில் வேலைசெய்த கிண்ணியா லாபிர் சைக்கிளில் வந்தார். நிமிர்ந்தார். கழலாத செயினைக் குனிந்து மாட்டினார். போய்விட்டார்.

போன கிழமை சந்தியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பயந்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தாள். ஆனால் பயந்தவர்கள் கேற்றடிவரை வரமாட்டார்கள். எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். திரையில் அவர்கள் அவளையே பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போனார்கள்.

"சித்தப்பா, உந்தக் கமராவில என்ன?"

தம்பிராசா தொண்டையைச் செருமினார். "சந்திக் கடையில ஒரு கமரா இருந்ததெல்லே. ஒருநாள் ஆக்கள் வந்து பெட்டியைக் கழட்டிக்கொண்டு போனாங்கள். பிறகு அதில முகம் விழுந்த ஆக்களை ஒவ்வொருத்தராத் தேடி வந்தாங்கள்."

"ஆர் வந்தது?"

"ஆரெண்டால் என்ன? அங்காலயும் கேப்பினம், இங்காலயும் கேப்பினம். அது நடந்த கிழமைதான் உங்கட கமரா வந்து சேந்தது. கொப்பர் பூட்டினார். அண்டைக்கே பழுதாப்போச்சு." வெறுங்கதிரைகளைப் பார்த்து, "அது நல்லா வேலைசெய்திருந்தால் நாங்கள் ஆர் கடுதாசி விளையாட வந்திருப்பம்?"

"எனக்குச் சொல்லியிருக்கலாமே!"

"உனக்குச் சொன்னால் நீ கொண்ணனுக்குச் சொல்லுவாய். பாவம், ஆசையா அனுப்பினவன்."

"காலமை நான் ஸ்டூலில ஏறேக்கையாவது?"

"அவன்ர குரல் எனக்கும் கேட்டது பிள்ளை."

மணி பன்னிரண்டரை. அவள் வெளியே போனாள். எதிர்க் கடையில் இருந்தவர்கள் தத்தம் கிளாசுக்குள் பார்த்தார்கள். டேப் ஸ்டூலின் காலில் அப்படியே இருந்தது. ஏறினாள். முனையைக் கழற்றியதும் சிவப்பு விளக்கு அணைந்தது. டேப்பின் முதல் சுற்று சுருங்கியது. உரித்துவிட்டு மறுபடி சுற்றினாள். செருகினாள். விளக்கு எரியவில்லை.

அவள் இறங்குமுன் லாபிர் கடையிலிருந்து தெருவைக் கடந்துவிட்டார்.

"நான் அப்பவே வந்தனான் மகள். சைக்கிள் செயின் கழண்டு போச்சு." கையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

"பரவாயில்லை லாபிர் நானா. உள்ளுக்கு வாங்கோ."

லாபிர் தூணை அண்ணாந்து பார்த்தார். "என்ன, திரும்பவும் பழுதோ?"

"ஓம் நானா. உப்புக் காத்து."

"இந்த மனிசனுக்கு உது கடைசிவரைக்கும் சரிவரேல்லை" என்று சிரிக்கத் தொடங்கிய லாபிர், சிரிப்பை முடிக்காமல் உள்ளே போனார்.

மூன்று மணிக்குப் பெட்டி எழும்பியபோது தோள்கள் அதிகமாகி, பிடிக்க இடமில்லாமல் இருவர் வெறுமனே பக்கத்தில் நடந்தார்கள். பெண்கள் கேற்றோடு நின்றார்கள். பறைச் சத்தம் சந்தியில் திரும்பி மங்கியது. கைபேசி அடித்தது.

"தங்கச்சி, எல்லாம் பதிஞ்சுதோ?"

"மான் வயரைக் கடிச்சிட்டுது அண்ணா."

கனடாவில் ஒரு கதிரை நகரும் சத்தம் கேட்டது.

"எத்தினை பேர் வந்தவை?" என்றான் கடைசியில்.

"கதிரை போதாமப் போச்சு."

"அப்ப சரி."

அயல் பெண்கள் முற்றத்தைக் கழுவிவிட்டு, நேரத்தோடு வீடு சேரவேண்டும் என்று போய்விட்டார்கள். குணேஸ்வரி அலுமாரியைத் திறந்தாள். பதிவுப் பெட்டிக்குள் இன்று காலையின் முகங்கள் இருந்தன, எல்லாம் நிமிர்ந்தபடி. அவை அங்கே இருக்கக்கூடாது. பெட்டி தனித்தனியாக அழிக்காது. எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் அழிக்கும்.

அழிக்குமுன் பட்டியலைப் பார்த்தாள். இரண்டு பதிவுகள். மற்றது இரண்டு வருடம் பழையது. அதன் கடைசி நிமிடத்தை ஓடவிட்டாள்.

அப்பாவின் முகம் திரை முழுக்க வந்தது. பல்லுக்கிடையில் கறுப்பு டேப். ஏணி ஆடியிருக்கவேண்டும், ஒரு கணம் பயந்து, சமாளித்துக்கொண்டார். கமராவுக்குள் பார்த்துத் தலைமயிரை ஒருமுறை தடவிவிட்டார். பிறகு கை வந்தது. திரை இருண்டது.

மூன்று தரம் பார்த்தாள். பிறகு பொத்தானை அமத்தினாள். நிச்சயமா என்று பெட்டி கேட்டது. திரும்ப அமத்தினாள்.

வெளியே கதிரைகளை அடுக்கப் போனபோது கேற்றடியில் ஒரு மான் நின்று, சிந்திக் கிடந்த பூக்களைத் தின்றுகொண்டிருந்தது. தூணோடு வயர் தொங்கியது. மான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.